சேர்வராயன் மலையில் சதுரங்கப் பேச்சு

சேலம்: அஸ்தம்பட்டி

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான சேர்வராயன் மலை, சேலம் நகருக்கு வடபுறத்தில், சமவெளியிலிருந்து ஏறத்தாழ நான்காயிரம் அடி எழுந்து நிற்கிறது. அதன் மேல்தளத்தில், காப்பித் தோட்டங்களுக்கும் பழங்குடிச் சிற்றூர்களுக்கும் உறைவிடப் பள்ளிகளுக்கும் நடுவே ஏற்காடு அமைந்திருக்கிறது. சென்னையைச் சேர்ந்த குகேஷ், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரனை 7.5–6.5 என்ற புள்ளிக்கணக்கில் வென்று, 18 வயதில் உலகச் சதுரங்க சாம்பியன் ஆனார். அதுவரை மிக இளம் வயதில் அப்பட்டத்தை வென்றிருந்தவர் 1985இல் 22 வயதில் வென்ற காஸ்பரோவ். குகேஷின் வெற்றிக்கு ஓராண்டுக்குப் பிறகு, காப்பிப்பழம் பறிக்கும் பனிக்காலத்தில், சேலத்திலிருந்து ஏற்காடு வழியாகச் சேர்வராயன் உச்சிவரை சென்று குப்பனூர் வழியாக இறங்கும் பாதையில், சதுரங்கம் பற்றிய பேச்சு கொண்டாட்டத்தைக் கடந்து விவாதமாக மாறியிருப்பதைக் கேட்க முடிகிறது. இன்றைய உயர்மட்டச் சதுரங்கத்தை ரசிகர்கள் எவ்வாறு மதிப்பிடுகிறார்கள் என்பதற்கு அந்தப் பேச்சு நல்ல சான்று.

அஸ்தம்பட்டிப் பக்கம் மாலை நேரத்தில் தள்ளுவண்டிகளைச் சுற்றிக் கூட்டம் சேர்கிறது. இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வைத்து, காரச் சட்னியும் புதினாச் சட்னியும் தடவித் தரப்படும் தட்டுவடை செட்டு, சென்னைக் கடற்கரையின் சுண்டலுக்குச் சேலம் தரும் ஈடு. அதைத் தின்றுகொண்டே கைப்பேசியில் ஆட்டங்களைப் பார்க்கும் கல்லூரி மாணவர்களின் குரலில் ஏமாற்றம் தெரிகிறது. 2025 செப்டம்பரில் சாமர்கண்டில் நடந்த கிராண்ட் சுவிஸ் போட்டியில், அதாவது ஒரே அளவு புள்ளி பெற்றவர்களைச் சுற்றுக்குச் சுற்று மோதவிடும் முறையிலான பெரும்போட்டியில், உலக சாம்பியன் தொடர்ந்து மூன்று ஆட்டங்களை இழந்தார்; நவம்பரில் கோவாவில் நடந்த உலகக் கோப்பையில், தோற்றவர் வெளியேறும் முறையில், மூன்றாம் சுற்றிலேயே ஜெர்மனியின் பிரெடரிக் ஸ்வானேயிடம் தோற்று வெளியேறினார். இப்படித் தோற்பவரை உலகின் முதல் ஆட்டக்காரர் என்று எப்படிச் சொல்வது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். 2011 ஜூலை முதல் தரப்பட்டியலின் முதலிடத்தை விடாமல் வைத்திருக்கும் நார்வேயின் மாக்னஸ் கார்ல்சன் 2022இல் பட்டத்தைத் தற்காக்கப்போவதில்லை என்று விலகியதால், பட்டம் ஒருவரிடமும் முதலிடம் இன்னொருவரிடமுமாகப் பிரிந்து கிடக்கிறது என்பது அவர்கள் வாதம்.

அதே கூட்டத்தில் நிற்கும் மூத்தவர்கள் வேறு வரலாற்றை நினைவூட்டுகிறார்கள். 1975இல் அமெரிக்காவின் பாபி ஃபிஷர் பட்டத்தைத் தற்காக்க வராததால் ஒரு காயைக்கூட நகர்த்தாமல் சாம்பியனான அனடோலி கார்போவ், அதன்பின் பத்தாண்டுகள் போட்டிக்குப் போட்டி வென்று அப்பட்டத்துக்குத் தாம் தகுதியானவர் என நிறுவினார். குகேஷின் நிலை அதைவிட வலுவானது. அவர் பட்டத்தைப் பலகையில் வென்றவர். 2025இன் தொடக்கத்தில் நெதர்லாந்தின் விக் ஆன் ஸீயில் சக இந்தியரான பிரக்ஞானந்தாவுடன் முதலிடத்தைப் பகிர்ந்து, சமநிலையை முறிக்கும் டைபிரேக் ஆட்டத்தில்தான் தோற்றார். ஜூன் மாதத்தில் நார்வேயின் ஸ்டாவாங்கரில் கார்ல்சனையே நெடுநேர ஆட்டத்தில் வென்றார். சாம்பியன் பட்டம் என்பது மாதந்தோறும் திருத்தப்படும் பட்டியல் அன்று, ஒரு குறிப்பிட்ட பாதையைக் கடந்ததற்கான சான்று என்னும் இக்கருத்தே, மலை ஏறுவதற்கு முன் கேட்கக் கிடைக்கும் மிக முக்கியமான கருத்து.

அடிவாரமும் வளைவுகளும்

ஏற்காடு சாலையில், 1935இல் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் நுழைவு வளைவைக் கடந்ததும் நகரம் விலகி, அடிவாரத்தின் முட்புதர்களும் மூங்கிலும் தொடங்குகின்றன. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் எண் எழுதிய பலகைகள் நிற்கின்றன. வளைவு ஏற ஏறக் காற்றின் ஈரம் மாறி, வறண்ட காட்டின் பழுப்பு குறைந்து, சில்வர் ஓக் இலைகளின் வெளிறிய அடிப்பக்கங்கள் தெரியத் தொடங்குகின்றன. வியர்வை உலராத சென்னையின் டிசம்பரிலிருந்து வருபவர்களுக்குப் பேருந்தின் சன்னல் வழியே நுழையும் குளிர் ஒரு பரிசு. உள்ளூர்க்காரர்கள் மட்டும் சன்னலைச் சாத்திவிட்டுக் காதை மூடித் துண்டு கட்டிக்கொள்கிறார்கள்.

இந்தப் பேருந்துகளில் பயணம் செய்யும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடம் பழைய சதுரங்க ரசனையின் இலக்கணத்தைக் கேட்டறியலாம். 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆன மானுவல் ஆரோன், ஒன்பது முறை தேசிய சாம்பியனாக இருந்தவர். சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் 1972இல் தொடங்கிய டால் சதுரங்க மன்றத்தோடு அவர் பெயர் பிணைந்திருக்கிறது. மயிலாடுதுறையில் பிறந்து அம்மன்றத்தில் சிறுவனாக ஆடிப் பழகிய விஸ்வநாதன் ஆனந்த், 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். கிராண்ட்மாஸ்டர் என்பது, மூன்று போட்டிகளில் குறிப்பிட்ட தரத்தை எட்டி, 2500 தரப்புள்ளியையும் கடந்தவருக்கு ஃபிடே எனப்படும் பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு வழங்கும் உயரிய பட்டம். அந்நாளில் ஓர் ஆட்டத்தின் நகர்த்தல்கள் நாளிதழில் அச்சாகி வரும்வரை ரசிகர்கள் காத்திருந்தார்கள். பிறகு பலகையில் காய்களை அடுக்கி, ஒவ்வொரு நகர்த்தலாக ஆடிப் பார்த்து, ஏன் இப்படி ஆடினார் என்று தாமே யோசித்தார்கள். “ஆனந்த் சார்” என்று அவர்கள் சொல்லும்போது அந்த உழைப்பின் உறவு குரலில் ஒலிக்கிறது. 2013இல் சொந்த நகரமான சென்னையிலேயே கார்ல்சனிடம் 3.5–6.5 என்று ஆனந்த் பட்டத்தை இழந்தபோது, தோல்விக்கான காரணத்தையும் அவர்கள் அதே பலகையில்தான் தேடினார்கள்.

இன்றைய ரசிகரின் திரையில் ஆட்டப் பலகைக்குப் பக்கத்தில் வெள்ளையும் கறுப்புமாக ஏறி இறங்கும் ஒரு பட்டை இருக்கிறது. செஸ் என்ஜின் எனப்படும் கணினி நிரல், நொடிக்குப் பல இலட்சம் நிலைகளை ஆராய்ந்து, யார் பக்கம் ஆட்டம் சாய்கிறது என்பதை அப்பட்டையில் காட்டுகிறது. சிங்கப்பூரின் பதினான்காம் ஆட்டத்தில், இருவரும் 6.5 புள்ளிகளுடன் சமநிலையில் இருக்கையில், டிங் லிரன் தமது 55ஆம் நகர்த்தலில் யானையை யானைக்கு மாற்றிக்கொள்ள முன்வந்தார். யானைகளும் பின்னர் மந்திரிகளும் வெட்டுப்பட்டு நீங்கினால், எஞ்சும் சிப்பாய் ஆட்டத்தில் கறுப்பில் ஆடிய குகேஷுக்கு வெற்றி உறுதி. அவர் அதை உணர்ந்து நிமிர்வதற்கு முன்பே உலகெங்கும் பார்த்துக்கொண்டிருந்தோரின் பட்டை சரிந்துவிட்டது. நான்கு மணி நேரம் மூளை உழைத்த பிறகு ஒரு மனிதர் செய்யும் பிழையைத் திரையின் துணையால் ஒரு நொடியில் கண்டுவிடுகிறவர், அதை மன்னிக்க மறந்துவிடுகிறார். குகேஷ் வென்றது எதிராளியின் பிழையால்தான் என்ற பேச்சு அன்றே எழுந்ததற்கு இதுவே அடிப்படை. பிழை நேரும்வரை சமநிலை ஆட்டத்தை விடாமல் நீட்டி, எதிராளியைத் தொடர்ந்து யோசிக்க வைத்த பிடிவாதத்துக்கு அந்தப் பட்டையில் அளவுகோல் இல்லை. பேருந்தின் மூத்த ரசிகர்கள் போற்றுவது அந்தப் பிடிவாதத்தைத்தான்.

ஏரிக்கரையும் ஒண்டிக்கடையும்

ஏற்காட்டின் ஏரி, தெற்கிலுள்ள மலைவாழிடங்களின் ஏரிகளில் சிறியது என்றாலும், ஊரின் பகல் முழுவதும் அதைச் சுற்றித்தான் நகர்கிறது. படகுத்துறைக்கு எதிரே வரிசையாக எண்ணெய்ச் சட்டிகள் கொதிக்கின்றன. நீண்ட மிளகாயைக் கடலைமாவில் தோய்த்துப் பொரித்த பஜ்ஜியும், மிளகுத்தூள் தூவிய ஆம்லெட்டும், சுக்குக் காப்பியும் பனியில் நிற்பவர்களின் கைக்கு மாறிக்கொண்டே இருக்கின்றன. சற்றுத் தள்ளி, சாலைகள் கூடும் ஒண்டிக்கடைப் பகுதியில் சென்னை, பெங்களூர்ப் பதிவெண் கொண்ட வண்டிகள் நெருக்குகின்றன.

இங்கே சதுரங்கம் பற்றிப் பேசுபவர்களில் பெரும்பாலோர் சுற்றுலா வந்த குடும்பத்தினர். அவர்களுடைய குழந்தைகள் சென்னையில் ஏதேனும் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்திருக்கிறார்கள். 2022 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது, சென்னையின் நேப்பியர் பாலம் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக வண்ணம் பூசப்பட்டதையும், வேட்டி கட்டிய குதிரையாக வந்த ‘தம்பி’ சின்னத்தையும் அவர்கள் நினைவுகூர்கிறார்கள். அந்தப் போட்டியில் முதற்பலகையில் ஆடித் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்று தனிநபர் தங்கம் பெற்ற குகேஷுக்கு அப்போது 16 வயது. 2024இல் புடாபெஸ்டில் இந்திய ஆடவர் அணியும் மகளிர் அணியும் ஒரே ஆண்டில் தங்கம் வென்றன. எண்பதுக்கும் மேற்பட்ட இந்திய கிராண்ட்மாஸ்டர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டினர் என்பது பெற்றோரின் பேச்சில் மீண்டும் மீண்டும் வரும் செய்தி.

குழந்தைகளின் ஈடுபாடு வேறிடத்தில் இருக்கிறது. அவர்களுக்கு விரைவாட்டம் பிடிக்கிறது. உயர்மட்டச் சதுரங்கம் இன்று மூன்று வேகங்களில் ஆடப்படுகிறது: ஓர் ஆட்டத்துக்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி நேரம் அளவுக்குக் கொடுக்கும் கிளாசிக்கல், கால் மணி நேரம் அளவு கொடுக்கும் ரேபிட், மூன்று நிமிடம் அளவு மட்டும் கொடுக்கும் பிளிட்ஸ். பிளிட்ஸ் ஆட்டத்தில் கை நடுங்குவதும் காய் சரிவதும் கடிகாரம் தட்டப்படுவதும் கண்ணுக்கு விருந்தாகின்றன. கிளாசிக்கல் ஆட்டத்திலோ ஒருவர் நாற்பது நிமிடம் அசையாமல் அமர்ந்திருப்பதைப் பார்க்க நேர்கிறது. 2024 டிசம்பரில் நியூயார்க்கில் நடந்த உலக ரேபிட் போட்டியில் ஜீன்ஸ் அணிந்து வந்த கார்ல்சன், உடைவிதியை ஏற்காமல் போட்டியிலிருந்து விலகி, சில நாட்களில் திரும்பி வந்து, பிளிட்ஸ் பட்டத்தை ரஷ்யாவின் நெபோம்னியாச்சியுடன் பகிர்ந்துகொண்டதைக் குழந்தைகள் ஒரு வீரக்கதையாகச் சொல்கிறார்கள். பெற்றோருக்கு அதில் மனக்குறை இருக்கிறது: ஓர் உலகப் பட்டம் இருவருக்குப் பங்கிடப்படும்போது, முடிவுவரை ஆடித் தீர்ப்பது என்ற விளையாட்டின் முதல் நெறி தளர்ந்துவிடுகிறது என்று அவர்கள் கருதுகிறார்கள். ஒரே குடும்பத்தின் இரு தலைமுறைகள் ஒரே பஜ்ஜித் தட்டைச் சுற்றி நின்று நடத்தும் இந்த வழக்கு, சதுரங்க உலகம் முழுவதும் நடக்கும் வழக்கின் சிறு வடிவம்.

நாகலூர்ச் சாலை: காப்பித் தோட்டங்கள்

ஊரைவிட்டு நாகலூர்ப் பக்கம் செல்லும் சாலையில் தோட்டங்கள் இருபுறமும் நெருங்கி வருகின்றன. 1820களில் சேலத்தின் கலெக்டராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அரபிக்கா வகைச் செடிகள் இன்றும் நிழல் மரங்களின் கீழ் வளர்கின்றன. பறிப்புக் காலத்தில் பெண்கள் இடுப்பில் சாக்குக் கட்டிக்கொண்டு, செடியில் பழுத்துச் சிவந்த பழங்களை மட்டும் தேர்ந்து பறிக்கிறார்கள். பச்சைக் காய் அடுத்த சுற்றுக்கு விடப்படுகிறது. களத்தில் காயும் காப்பிக்கொட்டையின் புளித்த மணம் சாலைவரை வருகிறது.

இத்தோட்டங்களின் மேற்பார்வையாளர்கள், கணக்கர்கள் ஆகியோரிடையே சதுரங்கம் நெடுநாள் மாலைப் பொழுதுபோக்கு. விரைவாட்டம் பற்றிய கேள்விக்கு அவர்களில் ஒருவர் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடியைக் காட்டி விளக்கம் தருகிறார்: மிளகு ரொக்கம் தருவது, விலை ஏறிய ஆண்டுகளில் காப்பியைவிடக் கூடுதலாகவே தருவது, ஆனால் பற்றி ஏற மரம் இல்லாவிட்டால் அந்தக் கொடி தரையில் கிடக்கும், ரேபிட்டும் பிளிட்ஸும் கொடியைப் போன்றவை, கிளாசிக்கல்தான் மரம். இவ்வொப்பீட்டில் உண்மை இருக்கிறது. விரைவாட்டத்தில் ஒருவர் நொடியில் காணும் நுட்பங்கள், நெடுநேர ஆட்டங்களில் ஆண்டுக்கணக்காக உழைத்துப் பெற்ற புரிதலிலிருந்தே பிறக்கின்றன. இன்று விரைவாட்டத்தில் கொடிகட்டிப் பறக்கும் கார்ல்சனும், 2014இல் 2882 என்னும் வரலாறு காணாத தரப்புள்ளியைத் தொட்டது கிளாசிக்கல் ஆட்டத்தில்தான்.

மரத்திலும் நோய் இருக்கிறது என்பதை அதே தோட்டக்காரர்கள் மறுப்பதில்லை. 2018இல் லண்டனில் கார்ல்சனும் அமெரிக்காவின் கருவானாவும் ஆடிய உலகப் பட்டப் போட்டியில் பன்னிரண்டு கிளாசிக்கல் ஆட்டங்களும் டிராவில் முடிந்தன. ரேபிட் டைபிரேக்கே வெற்றியாளரைத் தீர்மானித்தது. கணினியின் துணையோடு தொடக்க ஆட்டத்தின் இருபது, இருபத்தைந்து நகர்த்தல்களை மனப்பாடம் செய்துகொண்டு இருவரும் வரும்போது, பலகையில் நிகழ்வது சிந்தனையா நினைவாற்றலா என்ற ஐயம் எழுகிறது. இதற்கு மாற்றாக, பின்வரிசைக் காய்களைக் குலுக்கல் முறையில் 960 வகைகளில் ஒன்றாக அடுக்கித் தொடங்கும் ஆட்டத்தை ஃபிஷர் 1996இல் முன்வைத்தார்; அது இன்று ஃப்ரீஸ்டைல் என்னும் பெயரில், கார்ல்சனின் முன்னெடுப்பில், பெரும் பரிசுத்தொகையுடன் நடத்தப்படுகிறது. மனப்பாடத்தை விலக்குவதால் அது நேர்மையான தேர்வு என்று சிலரும், தொடக்க ஆட்டங்களில் பல தலைமுறைகள் சேர்த்துவைத்த அறிவுச் செல்வத்தை வீணாக்குகிறது என்று சிலரும் பிரிகிறார்கள். 2024 சிங்கப்பூர்ப் போட்டியின் பதினான்கு ஆட்டங்களில் ஐந்து வெற்றி தோல்வியில் முடிந்தன என்பதைச் சுட்டி, மனிதர் ஆடத் துணிந்தால் மரபு ஆட்டத்தில் இன்னும் உயிர் உண்டு என்று சொல்லும் கணக்கரின் வாதமே இவற்றுள் வலிமையானதாகத் தோன்றுகிறது.

பகோடா பாயிண்ட்டுக்கு அப்பால்

ஏற்காட்டின் கிழக்கு விளிம்பில், பழங்குடியினர் கல்லின்மேல் கல் அடுக்கிய சிறு கோபுரங்களால் பெயர்பெற்ற பகோடா பாயிண்ட்டில் நின்றால், பள்ளத்தாக்கில் ஓட்டுவீடுகளும் மஞ்சளாக விளைந்த வயல்களும் தெரிகின்றன. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழே பேசுபவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களின் மரபுக்கதை. சாமையும் ராகியும் அவர்களின் பழைய உணவு. விருந்தினருக்கு ராகிக் களியும் கொள்ளுச் சாறும் இன்றும் பல வீடுகளில் கிடைக்கின்றன, அவை அன்போடு பரிமாறப்படுகின்றன.

இச்சிற்றூர்களின் பிள்ளைகள் படிக்கும் உண்டு உறைவிடப் பள்ளிகளில் சதுரங்கம் 2022க்குப் பின் வேரூன்றியிருக்கிறது. ஒலிம்பியாடை ஒட்டி அரசுப் பள்ளிகளில் நடத்தப்பட்ட போட்டிகள் அதற்கு வித்திட்டன. மாணவர்கள் சுருட்டி வைக்கும் பிளாஸ்டிக் விரிப்பில் ஆடுகிறார்கள். காணாமற்போன சிப்பாய்க்கு ஒரு பொத்தானோ காப்பிக்கொட்டையோ நிற்கிறது. அவர்களுக்குக் குகேஷ் “அண்ணன்”, வைஷாலி “அக்கா”. பிரக்ஞானந்தாவின் அக்காவான வைஷாலி 2023இல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, உலகில் அப்பட்டம் பெற்ற முதல் அக்கா தம்பி இணையாக அவர்கள் அமைந்தார்கள். 2023இலும் 2025இலும் மகளிர் கிராண்ட் சுவிஸ் போட்டியை அவர் வென்றார். 2025 ஜூலையில் படூமியில் மகளிர் உலகக் கோப்பையை 19 வயதில் வென்ற நாக்பூரின் திவ்யா தேஷ்முக், இறுதியில் வீழ்த்தியது இன்னோர் இந்தியரான கோனேரு ஹம்பியை. அப்பள்ளிகளின் மாணவியர் பலகைக்கு முன் அமரும்போது, சதுரங்கம் ஆண்பிள்ளைகளின் ஆட்டம் என்ற நினைப்பு அவர்களிடம் சிறிதும் இல்லை.

ஆயினும், மற்ற இடங்களில் கேளாத ஒரு கேள்வியை இப்பள்ளிகளின் ஆசிரியர்கள் எழுப்புகிறார்கள். இயற்பியல் பேராசிரியர் அர்பாத் எலோ வகுத்து, 1970இல் ஃபிடே ஏற்றுக்கொண்ட தரப்புள்ளி முறையில், ஒருவர் பெயர் பட்டியலில் ஏற வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் ஆடியிருக்க வேண்டும். மலையிலுள்ள பிள்ளைக்கு அதற்கான பயணம் சேலத்தில் தொடங்குகிறது. பிறகு ஈரோடு, கோவை, சென்னை என்று நீள்கிறது. ஒவ்வொரு போட்டிக்கும் நுழைவுக் கட்டணம், தங்குமிடம், கூடச் செல்லும் பெரியவரின் பல நாள் கூலி இழப்பு ஆகியவை சேர்கின்றன. இனியன் ஈரோட்டிலிருந்தும், அரவிந்த் சிதம்பரம் மதுரையின் திருநகரிலிருந்தும் கிராண்ட்மாஸ்டராக உயர்ந்ததைச் சொல்லி அந்த ஆசிரியர்கள் நம்பிக்கை ஊட்டுகிறார்கள். அவ்விரு ஊர்களும் சமவெளியில், இரயில் நிலையத்துக்கு அருகில் இருப்பவை என்பதையும் அவர்களே சொல்கிறார்கள்.

சேர்வராயன் உச்சி

ஊரிலிருந்து மேலும் ஏறிச் செல்லும் சாலை, 5,326 அடி உயரத்தில் இருக்கும் சேர்வராயன் கோயிலில் முடிகிறது. உச்சி கூம்பாக இல்லாமல் பரந்த புல்வெளியாக விரிகிறது. காற்று தடையின்றி வீசுகிறது. அருகிலுள்ள மேடுகளில் பாக்சைட் வெட்டியெடுக்கப்பட்ட செந்நிறத் தழும்புகள் தெரிகின்றன. கோயில் ஒரு குறுகிய குகை. குனிந்து உள்ளே சென்றால் சேர்வராயனும் காவேரி அம்மனும் விளக்கொளியில் காட்சி தருகிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் அனைத்தும் இங்கே கூடுகின்றன.

கோயில் வாசலில் ஓய்வெடுக்கும் பயணிகளின் பேச்சில் மன்னார்குடிக்கு அருகிலுள்ள திருப்பூவனூர்ச் சதுரங்க வல்லபநாதர் இடம்பெறுவது இயல்பே. சதுரங்கத்தில் எவராலும் வெல்ல முடியாத அரசகுமாரியை, தோற்கடிப்பவருக்கே மணமுடிப்பதாக அவள் தந்தை அறிவித்திருக்க, சிவபெருமான் முதியவராக வந்து ஆடி வென்றார் என்பது அத்தலத்தின் கதை. வந்தவர் யார், எந்த ஊர், எவ்வளவு செல்வம் என்று அரண்மனை கேட்கவில்லை. பலகைக்கு முன் அமர அவருக்கு இடம் தரப்பட்டது என்பதே அக்கதையில் இன்றைய ரசிகர் கருதிப் பார்க்க வேண்டிய செய்தி.

சேலத்தின் மாணவர், பேருந்தின் ஆசிரியர், ஏரிக்கரைக் குடும்பம், தோட்டத்தின் கணக்கர், பள்ளியின் ஆசிரியர் ஆகியோரின் கருத்துகளை இந்த உயரத்தில் ஒருங்கே வைத்துப் பார்த்தால், அவை அனைத்தும் ஒரே அக்கறையின் வெவ்வேறு முகங்கள் என்பது புலனாகிறது. சாம்பியனைத் தீர்மானிக்கும் பாதை நேர்மையானதா, அது எல்லோருக்கும் தெரிந்த பாதையா, அதில் கால்வைக்க எவருக்கும் வழி உண்டா என்பதே அந்த அக்கறை. உலகப் பட்டத்துக்கான சவாலாளரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் எட்டுப் பேர் ஒவ்வொருவரோடும் இரண்டு முறை வீதம் பதினான்கு சுற்றுகள் ஆடுகிறார்கள். உலகக் கோப்பை, கிராண்ட் சுவிஸ், ஆண்டு முழுவதும் திரட்டும் ஃபிடே சர்க்யூட் புள்ளி, தரப்புள்ளி ஆகிய வாயில்கள் வழியே அவர்கள் அங்கே வருகிறார்கள். 2024 ஏப்ரலில் டொராண்டோவில் குகேஷ் 9 புள்ளிகளுடன் அதை வென்றபோது, பட்டியலில் அவருக்கு மேலிருந்த நகமுரா, கருவானா, நெபோம்னியாச்சி மூவரும் அரைப்புள்ளி பின்தங்கினர். 2026ஆம் ஆண்டின் சைப்ரஸ் கேண்டிடேட்ஸுக்கு, சர்க்யூட் வழியே பிரக்ஞானந்தாவும், மகளிர் பிரிவில் வைஷாலி, திவ்யா, ஹம்பி மூவரும் தகுதி பெற்றார்கள். கோவாவில் உலகக் கோப்பையை வென்ற உஸ்பெகிஸ்தானின் ஜவோகிர் சிந்தரோவுக்கு அப்போது வயது 19. முதல்நிலை ஆட்டக்காரர் ஒருவர் விலகி நின்றபோதும், இவ்வளவு இளைஞர்கள் இத்தனை வாயில்கள் வழியே மேலேறி வருவது, இந்த விளையாட்டு நலிந்துவிட்டது என்ற புலம்பலுக்குத் தக்க மறுப்பு.

குப்பனூர் இறக்கம்

குப்பனூர் வழியே இறங்கும் சாலை, இருபது வளைவுப் பாதையைவிட நெரிசல் குறைந்தது. வழியெங்கும் கொட்டச்சேடு போன்ற சிற்றூர்களின் பேருந்து நிறுத்தங்களில் பள்ளிப் பிள்ளைகள் காத்து நிற்கிறார்கள். பலாவும் மிளகும் நிறைந்த மேட்டுநிலம் மெல்ல மெல்ல மரவள்ளித் தோட்டங்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் இடம் தருகிறது. வெப்பம் திரும்புகிறது, சமவெளியின் இரைச்சல் கேட்கத் தொடங்குகிறது.

இப்பயணம் உறுதிப்படுத்துவது இதுதான்: இன்றைய உயர்மட்டச் சதுரங்கம் பற்றிய ரசிகர் விவாதம் பெரும்பாலும் உச்சியில் நிற்பவரையே பார்த்து நடக்கிறது. குகேஷ் பெரியவரா கார்ல்சன் பெரியவரா, கிளாசிக்கல் நிலைக்குமா பிளிட்ஸ் வெல்லுமா என்ற கேள்விகளுக்கு அடுத்த சில ஆண்டுகளின் ஆட்டங்கள் தாமே விடை தரும். ஒரு பருவத்தின் தோல்விகளை வைத்து ஒரு சாம்பியனைத் தாழ்த்துவது அந்த விடைக்கு முன்பே தீர்ப்பு எழுதுவதாகும். மலைப்பள்ளி ஆசிரியரின் கேள்விக்கு அப்படித் தானாக விடை கிடைக்காது. தமிழ்நாட்டுக்கு இத்தனை கிராண்ட்மாஸ்டர்களைத் தந்தது சென்னையில் ஒரே இடத்தில் திரண்ட மன்றங்களும் பயிற்சியாளர்களும் போட்டிகளும்தான்; ஆரோனின் காலத்தில் ஒரு பண்பாட்டு மையத்தின் அறையில் தொடங்கிய அந்தத் திரட்சி, முதலில் மாவட்டத் தலைநகரங்களுக்கும், அங்கிருந்து ஏற்காடு போன்ற மலையூர்களுக்கும் பரவ வேண்டும்.

அதற்குப் பெரிய அரங்குகள் தேவையில்லை. விடுமுறை நாட்களில் வெறுமையாக இருக்கும் உறைவிடப் பள்ளிகளின் கூடங்கள் ஏற்காட்டில் நிறைய உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தரப்புள்ளிப் போட்டியை அங்கே நடத்தி, மலைப்பிள்ளைகளிடம் நுழைவுக் கட்டணம் பெறாமல் விட்டாலே, அவர்களின் முதல் அங்கீகரிக்கப்பட்ட ஆட்டம் தங்கள் சொந்த மண்ணில் நிகழும். சாம்பியனின் புகழைக் கொண்டாட ஆயத்தமாக இருக்கும் சேலத்து ரசிகர்களும், காப்பித் தோட்டங்களின் உரிமையாளர்களும், சென்னையிலிருந்து வரும் பெற்றோரும் சேர்ந்தால் இது எளிதில் கைகூடும். உலகப் பட்டத்தின் மதிப்பைக் காக்க விரும்பும் ரசிகர் செய்யக்கூடிய முதல் பணி, அப்பட்டத்தை நோக்கிய பாதையின் அடிவாரத்தைத் தம் ஊரிலேயே அமைத்துத் தருவது.